தறிக்குழியில் கட்டிய டிப்பர்

பல் கட்டிக்கொள்ளும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன மாதம் கடைவாய்ப் பல்லுக்காக டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் உதவிக்கு இருந்த பெண் சின்னக் கிண்ணத்தில் ஏதோ பொடியையும் திரவத்தையும் போட்டுக் கலக்கினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மூச்சு அடைத்தது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டார் டாக்டர். அவர் இன்னும் வாயைத் தொடவே இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால், காஞ்சிபுரத்தில், ஒரு கோடை லீவு முழுக்க எங்கள் வீட்டுக்குள் இருந்த வாடைக்கு அது அக்கா தங்கை முறை. அந்த லீவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே இப்போது இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

எனக்குப் பதினோரு வயது. அண்ணன் ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போக இருந்தான். நெசவுக்காரர் ஒருவர் வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் தறிகள். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்போம். எங்கள் பகுதியிலும் ஓர் அறையில் முன்பு தறி இருந்ததாம். தறியைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நெசவாளி காலை விட்டு உட்காரும் குழி மட்டும் மிச்சம். அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் எங்கள் டிரங்குப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம்.

அப்பா பஸ் கண்டக்டர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு எந்த ஆண் வந்தாலும் கை குலுக்குவதுபோலக் கிட்டப் போய் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, சாராயத்தில் போனவர். முசரவாக்கம் பக்கத்தில் வயல் வரப்பில் கிடந்தவரை அப்பாதான் தோளில் தூக்கி வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருமல் மருந்துகூடக் கிடையாது. "ஒரு சொட்டுல ஆரம்பிக்கும்பா எல்லாம்" என்பார்.

வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரே நெரியும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் திருவிழாக் கடைகள் எல்லோருக்கும் பொது. முந்தின வருஷத் திருவிழாவில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் லாரி வாங்கியிருந்தான். மஞ்சள் தலை, சிவப்புத் தொட்டி. வாங்கியவுடன் அதைத் திருப்பிப் பார்த்து, "பின் சக்கரத்து அச்சே தப்பு. முன் சக்கரத்துக்கு இவ்ளோ கிட்ட இருந்தா லோடு ஏத்தினா மூஞ்சி தூக்கிக்கும்" என்றான். அன்றைக்கே பிளேடைச் சூடு பண்ணி அதை இரண்டாக அறுத்தான்.

அதிலிருந்து தொடங்கியது. வாலாஜாபாத்தில் மாமா வீட்டுக்குப் போனால் ரைஸ் மில் வாசலில் நிற்கும் லாரிகளை அளப்பான். தையல் டேப்பை வைத்துக்கொண்டு சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் குனிந்து கிடப்பான். டிரைவர்கள் சிரிப்பார்கள். நிஜ லாரியில் ஓர் அடி என்றால் எங்கள் லாரியில் அரை அங்குலம், அதுதான் கணக்கு. எங்கள் லாரி என்று சொல்கிறேன், ஏனென்றால் பெயின்ட் வேலை முழுக்க என்னுடையது. முன் கண்ணாடிக்கு மேலே பூ, கதவில் கிளி, பின்பக்கத்தில் 'ஒலி எழுப்புக'. ஒற்றை மயிர் பிரஷால் எழுதுவேன். அண்ணன் ஓர் எழுத்து கோணினால்கூட அழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வான். நானும் விடமாட்டேன். தலையின் வளைவு சரியில்லாவிட்டால் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று பிரஷைக் கீழே வைத்துவிடுவேன்.

ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா ஞாபகம் இருக்கிறதா? டீசல் டேங்குக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடையாது. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்தால் டயர். வீட்டுக்காரம்மாவின் கழிவு ஜரிகை, லோடு கட்டும் கயிறு. ஆனால் லாரியின் தலையை மட்டும் அட்டையில் செய்தாலும் மரத்தில் செய்தாலும் அது பொம்மைத் தலையாகவே இருந்தது.

லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று ரயில்வே ரோட்டுப் பக்கம் இருந்தது. அங்கே ஃபைபர் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், வேலை முடிந்தபின் டப்பாவில் மிஞ்சும் ரெசினை என் அண்ணனுக்குத் தருவார். ரெசின் பார்ப்பதற்குத் தேன்போல இருக்கும், லேசாக ரோஸ் கலந்து. தண்ணீர் மாதிரி இன்னொரு மருந்தை அதில் சில சொட்டு விட்டுக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கொதிக்காமலே சுட ஆரம்பித்து, கல்லாக இறுகிவிடும். சொட்டு கூடினால் விரிசல் விடும். குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். நாங்கள் கொட்டாங்குச்சியில் கலக்குவோம். கையில் பிடித்திருக்கும்போதே அது சூடாவது, ஏதோ உயிருள்ள குஞ்சைப் பிடித்திருப்பது போல இருக்கும்.

அண்ணன் சோப்புக்கட்டியில் லாரித் தலையைச் செதுக்கினான். அதை பிளாஸ்டர் மாவில் அமுக்கி அச்சு எடுத்தான். மொட்டைமாடி வெயிலில் அச்சைக் காயவைத்து, உள்ளே மெழுகு தடவி, ரெசின் ஊற்றினான். முதல் தலை அச்சோடு ஒட்டிக்கொண்டு உடைந்தது. அடுத்தது முழுக்க ஓட்டை. ஒருநாள் மத்தியானம் அச்சை உடைத்தபோது மூக்கு, பானெட், பக்கவாட்டுக் கோடு எல்லாமாக ஒரு முழு லாரித் தலை வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ரோஸாக வெளிச்சம் தேங்கியது. "பெயின்ட் அடிக்காதடி, ரெண்டு நாள் இப்டியே இருக்கட்டும்" என்றான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

வாடைதான் தொல்லை. வீட்டுக்காரம்மா ஒருநாள் பின்பக்கம் வந்து அம்மாவிடம் சொன்னார். தெலுங்கு கலந்த தமிழ் அவருடையது. "ஏம்மா, தறியில கல்யாணப் புடவை ஓடுது. பட்டுல இந்த வாடை ஏறிச்சின்னா யாரு வாங்குவாங்க? ஜன்னலாவது சாத்து." அம்மா அண்ணனை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. ஜன்னலைச் சாத்தினான். டிரங்குப் பெட்டிகளை நகர்த்தி, பலகையைத் தூக்கி, அந்தத் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். குழிக்குள் இருந்தால் வாடை மேலே வராது என்று கண்டுபிடித்தான். உண்மைதான், வரவில்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. மத்தியானம் முழுக்க அதற்குள் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும்போது அவன் கண் சிவந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். சோறு வேண்டாம் என்பான். ரெசினுக்குப் பலம் சேர்க்க உள்ளே வைக்கும் கண்ணாடி நூல் பட்டுக் கை முழுக்க அரிக்கும். சொறிந்து சொறிந்து முழங்கைக்குள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன.

அந்த வைகாசிக்குள் டிப்பர் ஒன்றை முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். தொட்டி தானாக மேலே எழும்ப வேண்டும். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு சிரிஞ்சு வாங்கினான். இரண்டுக்கும் நடுவில் குளுக்கோஸ் டியூபை மாட்டி, தண்ணீர் நிரப்பி, ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். அது தொட்டியைத் தூக்கும். முதலில் பார்த்தபோது நான் கை தட்டினேன். இன்னும் சில சிரிஞ்சுகள் வாங்கினான், ரேடியேட்டர் கிரில் அச்சின் சின்னச் சந்துகளுக்குள் ரெசின் ஏற்ற. ஊசிகளையும் எறியவில்லை. ரெசினுக்குள் நிற்கும் காற்றுக் குமிழிகளை அவற்றால் குத்தி உடைப்பான்.

மெடிக்கல் ஷாப்காரருக்கு அப்பாவைத் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் அவரிடம் கேட்டிருக்கிறார்: "உங்க பையன் அடிக்கடி சிரிஞ்சு வாங்கிக்கினு போறான், வீட்ல யாருக்குனா சுகர் இருக்குதா?"

கருட சேவைக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் வேலை பார்த்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தது பட்டப்பகல். பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றவில்லை. நேராக அந்த அறைக்குப் போனார். அண்ணன் குழிக்குள் இருந்தான். நான் மேலே உட்கார்ந்து நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மேல வாடா."

அண்ணன் எழுந்தான். எழுந்தவன் தள்ளாடினான். அப்பா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி முகர்ந்தார். கண்ணைப் பார்த்தார். கையைத் திருப்பி முழங்கையைப் பார்த்தார். குழிக்குள் குனிந்து பார்த்தார். கொட்டாங்குச்சி, துணி, சிரிஞ்சுகள், காகிதத்தில் சுற்றிய ஊசிகள்.

"இன்னாடா இது?"

"லாரிக்குப்பா."

"லாரிக்கு ஊசி எதுக்குடா?"

அண்ணன் டிப்பரை எடுத்துக் காட்ட முயன்றான். சிரிஞ்சை அமுக்கினான். ரெசின் பட்ட சிரிஞ்சை மாற்றி மாட்டியிருந்தான் போலிருக்கிறது, அது இறுகிப்போய் அசையவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான். பிறகு அங்கேயே வாந்தி எடுத்தான்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ரெசின், மருந்து, அச்சு, குமிழி, தொட்டி. அப்பா என் பக்கம் திரும்பினார். முழங்கால் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "வாயைத் திற" என்றார். திறந்தேன். முகர்ந்து பார்த்தார். என் கையிலும் அதே வாடை. "உனக்கும் பழக்கிட்டானா?" என்று கேட்டுவிட்டு அவர் அழத் தொடங்கினார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடித்திருந்தால் நான் இன்னும் கத்திச் சொல்லியிருப்பேன். அழுகிற ஆளிடம் என்ன சொல்வது?

சாயங்காலம் பட்டறையிலிருந்து அந்த ஃபைபர் அண்ணன் வந்தார். யார் சொல்லியனுப்பினார்களோ தெரியாது. வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், அது ரெசின் சார். நாங்க வேலை செய்யறது. பையன் கெட்டவன் இல்ல சார்" என்றார். அவர் மேலும் அதே வாடை, அவர் கண்ணும் சிவப்பு. அப்பா பக்கத்தில் போய் ஒரு மூச்சு இழுத்தார். "நீதான் குடுக்கறியா? இன்னொருவாட்டி இந்தத் தெருவுல பார்த்தேன், போலீஸ்ல சொல்லிடுவேன்" என்றார். அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அண்ணனை நல்ல சட்டை போடச் சொன்னார்கள். பத்தாவதுக்கு யூனிஃபார்ம் துணி எடுக்கப் போகிறோம் என்றார் அப்பா. அம்மா அவனுக்குத் தலை வாரிவிட்டாள். பதினைந்து வயதுப் பையனுக்கு அம்மா தலை வாரிவிடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். குழியிலிருந்த எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொளுத்தினார். ரெசின் எரியும்போது வரும் புகை தார் மாதிரி கறுப்பு. அது நெடுநேரம் எரிந்தது.

வாலாஜாபாத் போகும் ரோட்டில் இறங்கி வயல்களுக்கு நடுவில் நடந்தால் அப்பா அண்ணனை விட்டுவந்த இடம் வரும். குடிப்பழக்கத்தை விடவைக்கும் இல்லம் என்று போர்டு இருந்தது. பேரெல்லாம் வேண்டாம், இப்போது அது இல்லை. தகரக் கூரை, சுற்றுச்சுவர், வேப்பமரம். பார்க்க விடும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போனோம். நீளமான ஹாலில் பெரிய பெரிய ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் மொட்டையடித்த ஒரு தலை சின்னதாக இருந்தது. அம்மா அவனைத் தாண்டிப் போய்த் தேடினாள். நான்தான் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா கொண்டுபோன முறுக்கை அவன் தொடவில்லை. மாத்திரை போட்டவன்போல நாக்கு குழறியது. பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லு, நான் ஒத்துக்கினேன்னு" என்றான் என்னிடம்.

"எதைண்ணா?"

அவன் பொறுப்பாளரின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பழக்கத்தை."

எனக்குப் புரியவில்லை. ரொம்ப வருஷம் கழித்துத்தான் அவன் சொன்னான். தினமும் காலையில் எல்லோரும் எழுந்து நின்று தன் பேரையும் தன் பழக்கத்தையும் உரக்கச் சொல்ல வேண்டுமாம். 'எனக்குப் பழக்கமே இல்லை' என்கிறவன்தான் அங்கே முற்றிய நோயாளி. அப்படிச் சொல்கிறவன் காலில் சங்கிலி போடுவார்களாம். பக்கத்தில் படுத்திருந்த ஒரு குடிகாரர்தான், "சொல்லிடு தம்பி, இன்னானா ஒண்ணு சொல்லிடு, அப்பதான் கதவு திறக்கும்" என்று கெஞ்சியிருக்கிறார். அண்ணனுக்கு என்ன சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் குடிகாரரே அவனுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

ஆடிக் காற்று அடிக்கும்போது அவன் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடம் திறந்து நாளாகியிருந்தது. கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாகத் தழும்பு. பேனாவைப் பிடிக்கவே கஷ்டப்பட்டான். பத்தாவது தேறவில்லை. டுடோரியலில் சேர்ந்து பிறகு எப்படியோ முடித்தான். ஏதாவது பெயின்ட் வாடை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். நான் ஒரே ஒருமுறை, கடையில் நல்ல லாரிப் பொம்மை ஒன்றைப் பார்த்துவிட்டு, "வாங்கி மாத்திக் கட்டலாமா?" என்று கேட்டேன். நான் பேசியது காதில் விழாதவன்போல நடந்துகொண்டே இருந்தான்.

அப்பா மாறிப்போனார். பல வருஷமாக அவர் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. தம்பியைக் காப்பாற்ற முடியாதவர், மகனைக் காப்பாற்றிவிட்டார். அதை அவர் மறைக்கவில்லை. பஸ்ஸில் யாராவது அம்மா அழுதுகொண்டு வந்தால், காரணம் குடி என்றால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என் பையனும் இப்டித்தாம்மா இருந்தான். இப்ப பாருங்க, தங்கம்" என்பார். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த இல்லத்துக்குப் போகும் வழியை எழுதிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்வார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், நிமிர மாட்டான்.

நான் காலேஜ் முடிக்கும் சமயம். அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து எல்லோரும் வீட்டில் இருந்தபோது ஒரு பெண்மணி தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் பஸ்ஸில் தினமும் வருகிறவர். பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பையில் சிகரெட் இருந்ததாம், ஒருநாள் பீர் வாடை வந்ததாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். பிறகு, "நீங்க என்னை நம்பாதீங்கம்மா, அவனையே கேளுங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "சொல்லுடா, அங்க போனதால உனக்கு இன்னா நல்லது நடந்துச்சின்னு."

அண்ணன் அந்தப் பையனைப் பார்த்தான்.

"எனக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்ல ஆன்ட்டி" என்றான். "பையனை அங்க அனுப்பாதீங்க."

அப்பா சிரிக்க முயன்றார். "டேய், நீயே ஒத்துக்கினியேடா. எல்லார் முன்னாடியும்."

"ஒத்துக்கினாத்தான் வெளிய விடுவாங்கப்பா."

அவன் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அந்தப் பெண்மணி எழுந்தார். மகன் தோளில் கை வைத்து, எங்கள் யாரையும் பார்க்காமல், அழைத்துக்கொண்டு போனார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். அண்ணன் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று குளிக்கப் போனான்.

அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை மடக்கத் தொடங்கினார். எதையோ எண்ணுகிறார் என்று நினைத்தேன். "ஏனாத்தூர்க்காரர் ஒருத்தர்" என்றார் தனக்குள். "ஐயம்பேட்டையில ஏறுமே ஒரு அம்மா, மூக்குத்தி போட்டுக்கினு. அந்த டீச்சர். அப்புறம்..." நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா தினமும் பஸ் ஏறினார். அந்தப் பழைய ரூட்டிலேயே போவார், வருவார். பயணியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பதற்குத் தோதாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பஸ் பைத்தியம், பழகிய வேலையை விட முடியவில்லை என்று தெருவில் சிரித்தார்கள். டெப்போ ஆட்களும் சிரித்தார்கள். உடம்பு முடியாமல் படுக்கும்வரை போனார். டிக்கெட்டின் பின்னால் வழி எழுதி வாங்கிப் போனவர்களில் யாரையாவது பார்த்தாரா என்று நானும் கேட்டதில்லை, அண்ணனும் கேட்டதில்லை. அவர் திரும்பி வரும்போது அண்ணன் வீட்டில் இருந்தால், தானே எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பான். அப்பா வாங்கிக்கொண்டு, குடிக்காமல், சொம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்.